குழாயில் காது வைத்தவர்

பாய்லர் அணைந்து, சாயப்பட்டறை முழுவதும் ஓசையில்லாமல் கிடந்த ஒரு மார்கழிக் காலையில், ஒரு மனிதர் குளிர்ந்த இரும்புக் குழாயில் காதை ஒட்டி வைத்துக் கண்களை மூடி நின்றதைப் பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வீரபாண்டிப் பக்கம் இருந்த அந்தப் பட்டறையின் லேபில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. துணி வாங்குகிற கம்பெனி அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தைக் குடுவைகளில் கலந்து பிடித்துக் கொடுப்பது என் வேலை. அன்று மதியத்துக்குள் ஒரு நீலத்தைக் காட்டியாக வேண்டும். ஆனால் மிஷினுக்கு ஸ்டீம் வரவில்லை. சண்டை போடலாம் என்றுதான் பாய்லர் ரூமுக்குப் போனேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். இன்னொரு கையில் சுத்தியல் இருந்தது. பக்கத்துச் செங்கல் மேடையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் ஒரு பிடி பொரி, ஒரு டம்ளர் டீ, இரண்டு பீடி, நடுவில் துளையிட்ட பித்தளை வில்லை ஒன்று. அவர் குழாயை மூன்று முறை தட்டினார். பிறகு மறுபடி காதை வைத்தார். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குத் தெரியாது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தேன் என்பது சற்றுக் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. சண்டை போட வந்தவள் திரும்பி லேபுக்குப் போய்விட்டேன்.

பின்னால் அவரே லேப் வாசலுக்கு வந்தார். "மன்னிச்சுக்குங்க அம்மணி. வருசத்துல ஒரு நாளு, காலையில மட்டும் ஸ்டீம் வராதுங்க. மொதலாளிக்குத் தெரியுங்க" என்றார். அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு. பல்லடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா பேசுவது போலவே இருந்தது. ஆனால் அவர் பிறந்தது ஜார்க்கண்டின் நிலக்கரி நாட்டில், வங்காள எல்லையை ஒட்டிய ஓர் ஊரில். பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'தாதா'. அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். புதிதாகச் சேருகிற தமிழ்ப் பையன்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ ரவுடியை எதிர்பார்த்து வருவார்கள். வந்து பார்த்தால், தோளில் ஈரத்துண்டோடு, "சாப்புட்டீங்களா கண்ணு?" என்று கேட்டபடி ஓர் ஒல்லியான மனிதர் விறகைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

தாதாவுக்குக் காதுதான் எல்லாம். மரப்பிடி போட்ட நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். அதன் முனையைப் பம்பின் மேல் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக் கேட்பார். "இந்தப் பேரிங் ஞாயித்துக்கெழமை தாண்டாதுங்க" என்பார். தாண்டாது. ஸ்டீம் லைனில் எந்த இடத்தில் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவ்வளவு கூர்மையான காது உள்ளவர் யாராவது பேசும்போது மட்டும் அடிக்கடி, "என்னங்க? இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒன்றைக் கேட்டோம் என்பதையே உறுதி செய்துகொள்ள முடியாத ஒரு மனிதரின் பழக்கம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். தாதா தரைக்குக் கீழே போகவே மாட்டார். எங்கள் பட்டறையில் சாயத் தண்ணீர் சேரும் நிலத்தடித் தொட்டியின் பம்பு பழுதானால், மேலே நின்று எல்லாம் சொல்லிக்கொடுப்பார். ஏணியில் ஒரு படிகூட இறங்கமாட்டார். அவருடைய வாடகை வீடுகூட லைன் வீடுகளில் மாடியில்தான் இருந்தது. மழைக்காலத்தில் கீழ் வீடு காலியாக இருந்தும், ஒழுகுகிற அந்த மாடியை விட்டு அவர் வரவில்லை.

மூன்று வருடம் அந்தக் காலைகளில் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். நான்காவது வருடம்தான் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டகை. பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் சொன்னார். அவர் அந்தச் சுரங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. பழைய செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்குச் சொன்னால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். அவர் சொல்லாததை நானும் இங்கே எழுதவில்லை.

அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இழுக்கிற இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை, மேலேதான். அவருடைய அண்ணன் கீழே கரி வெட்டுகிற கூட்டத்தில். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை வில்லைகள் இரண்டில் ஒன்றை மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஏறி வந்தால் எடுத்துக்கொள்வான். ஒருநாள் பகல் ஷிப்டு நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் எப்போதோ வெட்டிக் கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கி நின்ற தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மேலே நின்றவர்களுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர் இல்லை, காற்று. சுரங்கத்தின் வாயிலிருந்து ஒரு பெரிய மூச்சு கிளம்பி, பலகையில் மாட்டியிருந்த வில்லைகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஆடினவாம்.

"அப்பறம் சத்தமே இல்லீங்க. அவ்வளவு ஆளு உள்ள இருக்கறாங்க. ஒரு சத்தமும் இல்லீங்க."

பம்புகளைக் கொண்டுவந்து நாள் முழுவதும் தண்ணீரை இறைத்தார்கள். தண்ணீர் இறங்கவில்லை. ஊரே சுரங்க வாயிலில் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் நாள், கீழே காற்று கொண்டுபோகும் இரும்புக் குழாயில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. சுரங்கக்காரர்களின் பாஷையில் அதற்கு, 'ஆள் ஏறத் தயார், தூக்கு' என்று அர்த்தம். எங்கோ மேடான ஒரு பொந்தில் காற்று தங்கி, சிலர் உயிரோடு இருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கும் என்பதால், குழாயருகே உட்கார்ந்து கேட்டுச் சொல்கிற வேலையை தாதாவிடம் கொடுத்தார்கள். கேட்டால் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும்.

"நாலாம் நாளு ஆபீசருங்க வந்து, இன்னும் கேக்குதான்னு கேட்டாங்க. கேக்குதுன்னு சொன்னனுங்க. அவங்க ஒவ்வொருத்தரா காது வெச்சாங்க. ஒருத்தருக்கும் கேக்குலீங்க. 'அது பம்போட அதிர்வுப்பா. இரும்பு சூட்டுக்கும் குளிருக்கும் சத்தம் போடும்'னு ஒருத்தரு சொன்னாரு. நல்ல மனுசனுங்க அவரு. என்ற தோளுல கை வெச்சுத்தான் சொன்னாரு."

அஞ்சாம் நாள் அவர்கள் மறுபடி வந்தார்களாம். இன்னும் கேட்கிறதா?

தாதா அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கொட்டகைக்கு வெளியே வெயிலில் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதுங்க அம்மணி. அப்பவும் கேட்டுட்டேதான் இருந்துது. ரொம்ப மெதுவா. மூணு இல்ல, ரெண்டுதான் வரும், மூணாவதுக்கு நேரமாகும். ஆனா அத்தனை பேரும் என்ற மூஞ்சிய பாத்துட்டு நிக்கறாங்க. இவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு பாக்கறாங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. நான் கேக்கலைன்னு சொல்லிட்டனுங்க."

அவரை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். குழாயருகே பிறகு யாரும் உட்காரவில்லை. கூடாரத்தில் கிச்சடி போட்டார்கள். அவர் ஐந்து நாள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. "ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டனுங்க. நல்லா இருந்துதுங்க" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் கோணியது. தண்ணீர் வற்றுகிறவரை அவர் அங்கே இருக்கவில்லை. பலகையிலிருந்து அண்ணனின் வில்லையை எடுத்துக்கொண்டு ரயிலேறியவர், பல ஊர்கள் சுற்றித் திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். அண்ணனின் உடலை எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதை அவர் யாரிடமும் விசாரித்ததில்லை. வீட்டிலிருந்து வந்த முதல் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டதாகச் சொன்னார். அவர் தட்டுவது அந்த அஞ்சாம் நாளில்தான். தண்ணீர் புகுந்த நாளுக்கு அங்கே தூண் கட்டி மாலை போடுகிறார்களாம். அஞ்சாம் நாளுக்கு யாரும் எதுவும் செய்வதில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்த நாளில் நானும் பாய்லர் ரூமில் நின்றேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

பிறகு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியதை இந்த ஊரில் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மௌனத்துக்கு நாங்கள் யாரும் தயாராக இருக்கவில்லை. விடிந்தால் சங்கு, ஸ்டீம், லாரி என்று இரைந்துகொண்டிருந்த தெருவில் புறாக்களின் சிறகுச் சத்தம் கேட்டது. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் முதலாளி குன்னத்தூரில் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். தாதாவைக் காவலுக்கு வைத்திருந்தார். சாயப்பொடி டப்பாக்கள் ஈரம் வாங்காமல் பார்த்துக்கொள்ள நான் வாரத்தில் இரண்டு நாள் போய்வந்தேன். மனிதர் இல்லாத பட்டறைக்குள் நடப்பது, தூங்குகிற ஒருவரின் படுக்கையறைக்குள் நடப்பது போல இருக்கும். பெரிய பெரிய சாய மிஷின்கள் மூடியைத் திறந்தபடி நிற்கும். எங்கேயாவது ஒரு சொட்டு விழுந்தால், தாதா உடனே அந்தப் பக்கம் திரும்புவார்.

அந்த வருட மார்கழியில் அவர் போன் செய்தார். "நாளைக்கு அந்த நாளுங்க அம்மணி. பாய்லர் நின்னு மாசக்கணக்கா ஆச்சு. தட்டறதுக்கு ஸ்டீம் லைனும் இல்ல, கழட்டிட்டுப் போயிட்டாங்க. பழைய தண்ணிக் குழாயிலதான் தட்டோணும். வர்றீங்களா?" ஏனோ அவர் குரலில் தயக்கம் இருந்தது. வருகிறேன் என்றேன்.

அந்தப் பழைய தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையும் பக்கத்துப் பட்டறையும் முன்பு ஒன்றாக இருந்தவை. முதலாளியும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஆபீஸைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள். மண்ணுக்குள் ஓடிய குழாயை மட்டும் மறந்துவிட்டார்கள். இரண்டு பக்கத்து நிலத்தடித் தொட்டிகளையும் தொட்டுக்கொண்டு அது அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். இலை போட்டு, பொரி வைத்து, பித்தளை வில்லையைத் துடைத்து வைத்தார். சுத்தியலை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டினார். காதை வைத்தார்.

அவர் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை நான் பார்த்தேன். நிறங்களைப் பார்ப்பதே என் தொழில். ஒரு மனிதரின் முகம் அவ்வளவு விரைவாகச் சாம்பலாவதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். விலகி நின்று, கையால் குழாயைக் காட்டினார். நான் குனிந்து காதை வைத்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் என் ரத்தத்தின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, மிகத் தொலைவில், டங். டங். நான் நிமிரப்போனேன். மூன்றாவது வந்தது.

"கேக்குதுங்களா?" என்றார் தாதா. அவர் குரல் ஒரு குழந்தையின் குரல் போல இருந்தது.

"கேக்குதுங்க தாதா."

"பொய் சொல்லாதீங்க அம்மணி. எனக்காகச் சொல்லாதீங்க."

"இல்லீங்க, நெசமாக் கேக்குது. மூணு."

அவர் சுத்தியலைத் தூக்கி மறுபடி தட்டினார். பதில் வந்தது. இந்த முறை காது வைக்காமலே எனக்குக் கேட்டது. நான் வெளியே ஓடிவிட நினைத்தேன். முதலில் சுதாரித்தது அவர்தான். குழாய் வழியே மெல்ல நடந்து, அங்கங்கே ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டுக்கொண்டே போனவர், சுவரருகே நின்று, "பக்கத்துல இருந்து வருதுங்க. உசுருள்ள ஆளுங்க" என்றார்.

பக்கத்துப் பட்டறையின் கேட் பூட்டில்லாமல் வெறுமனே சாத்தியிருந்தது. காவல்காரர் கோயில் விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். உள்ளே போனதும் நிலத்தடித் தொட்டியின் மூடி திறந்து கிடந்ததைப் பார்த்தோம். அழுகிய முட்டை வாடை அடித்தது. கீழே, இருட்டில், பம்பு வைக்கிற திண்டின் மேல் ஓர் ஆள் சரிந்து கிடந்தான். கையில் ஸ்பானர். பிற்பாடு தெரிந்தது, பம்பைக் கழற்றிக்கொண்டு போக வந்த மோட்டார் மெக்கானிக். முதல்நாள் மதியம் இறங்கியபோது துருப்பிடித்த இரும்பு ஏணி முறிந்து விழுந்து, தொடை எலும்பு உடைந்துவிட்டது. போன் சேற்றுக்குள் போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஊருக்குக் கிளம்புகிறேன் என்று ரூமில் சொல்லிவிட்டு வந்திருந்ததால், யாரும் அவனைத் தேடவில்லை.

நான் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். அதற்குள் என் கூச்சல் கேட்டு, எதிர் டீக்கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். டீக்கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். தாதா அங்கே கிடந்த மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்.

"ஒரு ஆளு எறங்குனாலும் காலை ஒடைச்சுப்போடுவேன்! உள்ள இருக்கறது காத்து இல்ல, வெசம். அவன் மேட்டுல கெடக்கறான், அதனால பொழச்சிருக்கறான். நீ எறங்குனா அவனுக்கு முன்னாடி நீ போயிருவ."

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அவர்கள் நின்றுவிட்டார்கள். எங்கள் பட்டறையிலிருந்து பாய்லருக்குக் காற்றடிக்கும் ஊதியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். குடோனில் பழுது என்று ஒதுக்கி வைத்திருந்த பனியன் துணி ரோல் ஒன்றைத் தூக்கி வரச் சொன்னார். பின்னலில் இருந்து வருகிற பனியன் துணி குழாய் போலத்தான் இருக்கும். அதைத் தண்ணீரில் முக்கி, ஒரு முனையை ஊதியின் வாயில் கட்டி, மறு முனையைத் தொட்டிக்குள் விட்டார். ஊதியை ஓட்டியதும், ஈரத் துணி ஒரு பாம்பு போல உப்பி, உயிர் பெற்று, இருட்டுக்குள் நல்ல காற்றைக் கொண்டுபோனது. சுரங்கத்தில் இப்படித்தான் செய்வார்களாம்.

பிறகு காத்திருந்தோம். அதுதான் கொடுமை. உள்ளே இருந்த வாயு வெளியேறாமல் யாரும் இறங்கக் கூடாது. கீழே அவன் தட்டிக்கொண்டே இருந்தான். தாதா மேலிருந்து குழாயைத் தட்டிப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று. மூன்று. பிறகு கீழிருந்து இரண்டு வந்தது. மூன்றாவது வர நேரமானது. அடுத்த முறை ஒன்று மட்டும். பிறகு ஒன்றும் வரவில்லை.

தாதா சுத்தியலைக் கீழே வைத்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டினார். "தாதா, வண்டி வந்துட்டு இருக்குதுங்க, பொறுங்க" என்றேன். அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டார். கயிற்றை எங்கள் ஐந்து பேர் கையிலும் கொடுத்து, "மூணு தட்டு வந்தா இழுங்க. வேற எதுக்கும் இழுக்காதீங்க" என்றார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர். அத்தனை வருடமாகத் தரைக்குக் கீழே ஒரு படி இறங்காதவர். விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டவர், இரண்டு கையாலும் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இறங்கிவிட்டார்.

கயிறு என் உள்ளங்கையில் ஓடி, நின்றது. ஊதியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. டீக்கடைக்காரர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊதியை நிறுத்தினால் நன்றாகக் கேட்கலாம். நிறுத்தினால் அவர்களுக்குக் காற்று இல்லை. என் காதை நானே நம்ப முடியாத அந்தச் சில நிமிடங்களில்தான் தாதாவின் வாழ்க்கை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பிறகு வந்தது. டங். டங். டங். "இழுங்க!" என்று கத்தியது நான்தான். முதலில் அந்த மெக்கானிக் தம்பி வந்தான், மயக்கத்தில், கயிறு மார்பில் கட்டியபடி. இரண்டாவதாக தாதாவை இழுக்கும்போது தீயணைப்புக்காரர்கள் வந்து கைகொடுத்தார்கள். வெயிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் மூச்சு வாங்கினார். அழவில்லை, சிரிக்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் அந்தத் தம்பியைப் பார்க்க இருவரும் போனோம். காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். தாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு, குறையாக இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டான்.

"மேல ஆள் இருக்காவன்னு தெரிஞ்சதாலதான் உசுரோட இருந்தேன். ஆனா ஒண்ணு கேக்கணும்யா. மொத நாள் மத்தியானத்துல இருந்தே தட்டிக்கிட்டே இருந்தியள்லா, பிறகு ஏன் காலையில வரைக்கும் வரல?"

தாதாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எப்ப இருந்து?" என்றார் தாதா.

"விழுந்து கொஞ்ச நேரத்துல இருந்தே. மூணு மூணாத் தட்டுனியள்லா. அதைக் கேட்டுத்தான நானும் மூணு மூணாத் தட்டுனேன். நானா எதுக்கு மூணு தட்டப்போறேன்?"

தாதா தம்பியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தார். முதல்நாள் முழுவதும் அவர் கூரைத் தகடு மாற்றுகிற வேலையில் பட்டறையின் மறுகோடியில் இருந்தவர். சுத்தியலை அந்தக் குழாய்மேல் வைத்தது மறுநாள் பத்து மணிக்குத்தான், நான் பக்கத்தில் இருந்தபோது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நான்தான் பேசினேன். படித்தவள் அல்லவா? "அந்த வாயு மூளையக் குழப்பிருங்க தாதா. இல்லாததெல்லாம் கேக்கும். அதுவுமில்லாம, இரும்புக் குழாய் வெயிலுக்கும் குளிருக்கும் சத்தம் போடுமுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "ஆமாங்க அம்மணி. சத்தம் போடுமுங்க" என்றார், மிகவும் மரியாதையாக. பஸ் ஏறி, பாதி வழி போன பிறகுதான், அந்த வாக்கியத்தை நான் எங்கே கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அவர் தோளில் கை வைத்து அந்த நல்ல மனிதர் சொன்ன அதே வாக்கியம். நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னைப் பேச விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் அவர் தட்டவில்லை. ஊருக்குப் போகிறேன் என்றார். அண்ணனை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்றார். போனவர் திரும்பவில்லை, அங்கேயே இருந்துவிட்டார். எப்போதாவது போனில் பேசுவார், அதே கொங்குத் தமிழில். தெரிந்துகொண்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டனுங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, காய்ச்சலில் படுத்து இறந்துபோனார் என்று அதே போனில் அவர் மகன் சொன்னார்.

அந்த மெக்கானிக் தம்பி இன்று இதே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். லேசாகக் காலைத் தாங்கி நடப்பார். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். பைத்தியம்னு நெனச்சிருவியன்னு பயம். தட்டுற சத்தம் மட்டும் இல்லக்கா. பேச்சும் கேட்டுச்சு. கொழாய்க்குள்ள இருந்து. ஒரே பேச்சுதான், திரும்பத் திரும்ப. எனக்கு அப்ப இந்தி ஒரு எழுத்து தெரியாது. சத்தம் மட்டும் மனசுல நின்னுட்டு."

இப்போது அவருடைய கம்பெனியில் பாதிப் பேர் வடக்கத்தியர்கள். பேசிப் பேசி இந்தி வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால், அவர் மாடியில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தபோது, பீகாரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் துணிக்கட்டோடு படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

"'ஊப்பர் கோயீ ஹை?'ன்னு கேட்டுச்சுக்கா. மேல யாராவது இருக்கியளான்னு. எனக்குக் கையில இருந்த ஸ்பானர் விழுந்துட்டு. அதேதான்க்கா. அன்னைக்கு எனக்குக் கேட்டது அதே வார்த்தைதான்."

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின் சத்தத்துல அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. நான்தான் ஓடிப்போய்ப் படியில குனிஞ்சு, இருக்கோம், இருக்கோம்னு இந்தியில கத்துனேன். ஒரு தடவையிலேயே அதுக்குக் கேட்டுச்சு, கட்டைத் தூக்கிட்டு ஏறி வந்துச்சு. எனக்குத்தான் நிறுத்த முடியல. எல்லாரும் மிஷினை நிறுத்திட்டு என்னையவே பாக்காவ. நான் அந்தக் காலிப் படிக்கட்டைப் பாத்து, இருக்கோம், இருக்கோம்னு சொல்லிக்கிட்டே நின்னேன்க்கா."